ஆறாயிரம் முறை ஓடும் சப்குவெரி: டிபிசி-எச் 17-ஆம் குவெரியை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

கோரிலேட்டட் சப்குவெரி (வெளிக் குவெரியின் வரிசையிலிருந்து ஒரு மதிப்பை வாங்கி ஓடும் உள் குவெரி) என்றதும் "அதை ஜாயினாக மாற்றி எழுது" என்பதுதான் எல்லோரும் சொல்லும் மருந்து. பாதி நேரம் அது பலிக்கும். மீதி நேரம் விடை தப்பாகும், அல்லது முன்பைவிட மெதுவாக ஓடும். வெளிக் குவெரியிலிருந்து எத்தனை வரிசைகள் சப்குவெரியைக் கூப்பிடுகின்றன, அந்த வரிசைகளுக்குள் வேறுபட்ட சாவி மதிப்புகள் எத்தனை, உள் டேபிளில் அந்தச் சாவிக்கு இண்டெக்ஸ் இருக்கிறதா: இந்த மூன்றும் தெரியாமல் மாற்றுவதா வேண்டாமா என்று பிளானராலும் (குவெரியை எந்த வழியில் ஓட்டுவது என்று முடிவுசெய்யும் டேட்டாபேஸ் பகுதி) சொல்ல முடியாது, மனிதராலும் முடியாது. டேட்டாபேஸ்களின் வேகத்தை ஒப்பிடப் பயன்படும் டிபிசி-எச் அளவுகோலின் 17-ஆம் குவெரி இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அதன் தரவு யாரும் உருவாக்கிப் பார்க்கக்கூடியது, எண்ணிக்கைகளும் முன்கூட்டியே தெரிந்தவை.

குவெரியும் தரவும்

அளவுக் காரணி (தரவு எவ்வளவு பெரிது என்பதைக் குறிக்கும் எண்) 1-இல், பொருட்களைப் பட்டியலிடும் பார்ட் டேபிளில் 2,00,000 வரிசைகள். ஆர்டர்களின் ஒவ்வொரு வரியையும் வைத்திருக்கும் லைன்ஐட்டம் டேபிளில் 60,01,215. ஆக ஒரு பார்ட்டுக்குச் சராசரியாக 30 லைன்ஐட்டம் வரிசைகள் வரும். குவெரி கேட்பது இது: குறிப்பிட்ட ஒரு பிராண்டும் குறிப்பிட்ட ஒரு கண்டெய்னரும் உள்ள பார்ட்டுகளை எடு, அவற்றின் லைன்ஐட்டம் வரிசைகளில், அந்தப் பார்ட்டின் சராசரி குவான்டிட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான குவான்டிட்டி உள்ளவற்றின் விலைகளைக் கூட்டி 7.0-ஆல் வகு. "அந்தப் பார்ட்டின் சராசரி" என்ற இடத்தில்தான் சப்குவெரி இருக்கிறது. அது லைன்ஐட்டத்தை இன்னொரு முறை திறந்து, வெளியிலிருந்து வரும் பார்ட்கீக்குப் பொருந்தும் வரிசைகளின் சராசரியைக் கணக்கிடுகிறது.

பிராண்டுகள் 25, கண்டெய்னர் வகைகள் 40. இரண்டும் சேர்ந்து ஆயிரம் கூட்டுகள். ஆகவே வடிகட்டலைத் தாண்டி வருபவை சுமார் 200 பார்ட்டுகள், அவற்றுக்குச் சுமார் 6,000 லைன்ஐட்டம் வரிசைகள். குவான்டிட்டி 1 முதல் 50 வரை சீராகப் பரவிய முழு எண். சராசரி 25.5 அளவில் இருக்கும், அதில் ஐந்தில் ஒரு பங்கு 5.1. எனவே 1 முதல் 5 வரையிலான மதிப்புகள், அதாவது பத்தில் ஒரு பங்கு வரிசைகள்தான் கடைசியில் மிஞ்சும். மொத்தம் 600-ஐ ஒட்டி.

போஸ்ட்கிரெஸ் இதை எப்படிப் பார்க்கிறது

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் எக்ஸிஸ்ட்ஸ் (EXISTS), இன் (IN) வகைச் சப்குவெரிகளை இழுத்து மேலே கொண்டுவந்து செமி ஜாயின் (பொருந்தும் வரிசை உள்ளவை மட்டும்), ஆன்டி ஜாயின் (பொருந்தும் வரிசை இல்லாதவை மட்டும்) ஆக்கிவிடும். கோரிலேட்டட் இன் சப்குவெரிக்கு இந்த வசதி 17-ஆம் பதிப்பில்தான் வந்தது. ஆனால் ஒற்றை மதிப்பைத் தரும் ஸ்கேலார் சப்குவெரியை அது ஜாயினாக மாற்றுவதில்லை. எக்ஸ்பிளெய்னில் (பிளானர் போட்ட திட்டத்தைக் காட்டும் கட்டளை) அது "சப்பிளான்" என்று நிற்கும். வெளியிலிருந்து எதையும் வாங்காத சப்குவெரி என்றால் "இனிட்பிளான்" என்று வரும். அது ஒரே ஒரு முறைதான் ஓடும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம். சப்பிளான் என்பது வரிசைக்கு வரிசை ஓடுவது.

முதலில், குவெரியை உண்மையிலேயே ஓட்டி அளக்கும் அனலைஸ் இல்லாமல் எக்ஸ்பிளெய்ன் மட்டும் ஓட்டுங்கள். காரணம் இருக்கிறது. லைன்ஐட்டத்தின் பிரைமரி கீ ஆர்டர்கீயும் லைன்நம்பரும் சேர்ந்தது, பார்ட்கீயில் தொடங்கும் இண்டெக்ஸ் தானாக வராது. ஃபாரின் கீ வைத்தாலும் போஸ்ட்கிரெஸ் அந்தப் பக்கம் இண்டெக்ஸ் உருவாக்காது. மைஎஸ்க்யூஎல்லின் இன்னோடிபி உருவாக்கும். ஒரே ஸ்கீமா, ஒரே குவெரி, அங்கே ஓடுகிறது, இங்கே நகரவே மாட்டேன் என்கிறது என்ற புகாரில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வருவதுதான்.

இண்டெக்ஸ் இல்லாவிட்டால் கணக்கு இப்படி: சப்பிளான் 6,000 முறை ஓடும், ஒவ்வொரு முறையும் 60 லட்சம் வரிசைகளைப் படிக்கும், மொத்தம் 3,600 கோடி. நொடிக்கு ஒரு கோடி வரிசைகள் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு மணி நேரம். அனலைஸோடு ஓட்டினால் அந்த ஒரு மணி நேரமும் காத்திருக்க வேண்டும். ஸ்டேட்மெண்ட் டைம்அவுட்டை (குவெரி ஓடக்கூடிய நேர வரம்பு) முதலில் வைத்துவிடுவது நல்லது.

பார்ட்கீயில் இண்டெக்ஸ் போட்டதும் நிலைமை தலைகீழாகிறது. 6,000 முறை இண்டெக்ஸில் இறங்கி, ஒவ்வொரு முறையும் 30 வரிசைகளைத் தொட்டால் மொத்தம் 1,80,000. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள், இந்த ஒரு குவெரிக்கு அது போதும். ஆனால் 200 பார்ட்டுகளுக்கு 200 சராசரிகள்தானே தேவை? ஒவ்வொரு சராசரியையும் முப்பது முறை கணக்கிட்டுக்கொண்டிருக்கிறோம்.

அனலைஸ் வெளியீட்டைப் படிக்கும்போது ஒரு சிக்கல். சப்பிளானுக்குக் கீழே காட்டும் நேரமும் வரிசை எண்ணிக்கையும் ஒரு ஓட்டத்துக்கான சராசரி, மொத்தம் அல்ல. "லூப்ஸ்" என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 0.05 மில்லிசெகண்ட் என்று பார்த்துவிட்டு அதைத் தாண்டிப் போகிறவர்கள் 6,000 லூப்ஸ் என்பதைக் கவனிப்பதில்லை. பெருக்கினால் 300 மில்லிசெகண்ட், பெரும்பாலும் குவெரியின் மொத்த நேரமே அதுதான்.

எந்த டேபிளின் சாவி என்பது முக்கியம்

சப்குவெரிக்குள் வெளியிலிருந்து எடுப்பது பார்ட் டேபிளின் பார்ட்கீயா, வெளி லைன்ஐட்டத்தின் பார்ட்கீயா? ஜாயின் நிபந்தனைப்படி இரண்டும் சமம், விடையும் ஒன்றே. ஆனால் போஸ்ட்கிரெஸ் பிளானர் அந்தச் சமத்தைச் சப்பிளானுக்குள் கொண்டுபோய் மாற்றிப் பார்ப்பதில்லை. எழுதியபடியே எடுத்துக்கொள்ளும்.

பார்ட்டின் சாவியை எழுதினால், நிபந்தனைக்கு இரண்டு டேபிள்களும் தேவை. ஆகவே அது ஜாயினுக்குப் பிறகே சோதிக்கப்படும்: 6,000 முறை. வெளி லைன்ஐட்டத்தின் சாவியை எழுதினால், நிபந்தனைக்கு அந்த ஒரு டேபிள் போதும். பிளானர் வடிகட்டிகளை முடிந்த அளவு கீழே தள்ளும் வழக்கமுடையது, எனவே லைன்ஐட்டத்தின் ஸ்கேனிலேயே அதைக் கொண்டுபோய் வைக்கும். இண்டெக்ஸ் இருந்து, பார்ட்டிலிருந்து நெஸ்டட் லூப்பாக (ஒவ்வொரு பார்ட்டுக்கும் அதன் வரிசைகளை மட்டும் தேடி) இறங்கினால் பிழைத்தோம், அப்போதும் 6,000-தான். இண்டெக்ஸ் இல்லாமல் ஹாஷ் ஜாயின் (டேபிளை முழுவதும் படித்துச் சேர்க்கும் வழி) வந்தால், லைன்ஐட்டத்தின் 60 லட்சம் வரிசைகளில் ஒவ்வொன்றுக்கும் சப்பிளான் ஓடும், ஒவ்வொரு ஓட்டத்திலும் 60 லட்சம் வரிசைகள். 36 லட்சம் கோடி. எத்தனை மணி நேரம் என்று கணக்கிடுவதில் பொருளில்லை.

எக்ஸ்பிளெய்னில் சப்பிளான் எந்த நோடுக்குக் கீழே தொங்குகிறது, "ஜாயின் ஃபில்டர்" என்ற வரியிலா "ஃபில்டர்" என்ற வரியிலா என்று பார்ப்பது இதற்காகத்தான்.

குரூப் பை வடிவம்: பாதி உண்மை

பாடப்புத்தக மாற்றம் இது. லைன்ஐட்டம் முழுவதையும் பார்ட்கீப்படி குரூப் செய்து, ஒவ்வொரு பார்ட்டுக்கும் சராசரி கண்டு, அதைத் தற்காலிக டேபிள்போல் வைத்து ஜாயின் செய். வான் கிம் 1982-இல் முன்வைத்த வழியின் சாரம் இதுவே. இண்டெக்ஸ் இல்லாத நிலையில் 3,600 கோடி, இரண்டு ஸ்கேன்களாக, ஒரு கோடியே இருபது லட்சம் வரிசைகளாகச் சுருங்குகிறது. அதனால் இது "எப்போதும் நல்லது" என்ற பெயர் வாங்கிவிட்டது.

இண்டெக்ஸ் இருக்கும்போது இதே வடிவம் நட்டம். தேவை 200 சராசரிகள், கணக்கிடுவது 2,00,000. வெளிக் குவெரியின் பிராண்டு வடிகட்டி குரூப் பைக்குள் போவதில்லை, ஏனென்றால் அது லைன்ஐட்டத்தின் நெடுவரிசை அல்ல. நினைவகமும் சேர்ந்து உதைக்கும். இரண்டு லட்சம் குரூப்புகளின் சராசரி நிலைகளை ஒர்க்மெம்மின் (இத்தகைய வேலைக்கான நினைவக வரம்பு) இயல்பு அளவான 4 எம்பிக்குள் அடக்க முடியாது. 13-ஆம் பதிப்பிலிருந்து ஹாஷ் அக்ரிகேட் மிஞ்சியதை டிஸ்க்கில் எழுதும், எக்ஸ்பிளெய்ன் அனலைஸில் "பேட்சஸ்" ஒன்றுக்கு மேல் வந்தால் அதுதான் நடக்கிறது.

பிளானரின் சொந்த விலைப்பட்டியலில் போட்டுப் பார்க்கலாம். லைன்ஐட்டம் 8 கேபி பக்கங்களில் சுமார் 1.1 லட்சம். வரிசையாகப் படிக்கப் பக்கத்துக்கு 1, வரிசைக்கு 0.01, ஆபரேட்டருக்கு 0.0025 என்ற இயல்பு மதிப்புகளில் குரூப் பையின் விலை ஏறக்குறைய 1,85,000. ஒரு பார்ட்டின் 30 வரிசைகள் ஆர்டர்கீ வரிசையில் சிதறிக் கிடப்பதால் 30 வேறு பக்கங்கள். சிதறிப் படிக்கும் பக்கத்துக்கு 4 என்றால் ஒரு சராசரிக்கு 120. சப்பிளானை 6,000 முறை ஓட்டும் விலை 7,20,000. ஒரே சாவி திரும்பத் திரும்ப வருவதால் பக்கங்கள் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்கும் என்பதைச் சப்பிளானின் விலைக் கணக்கு அறியாது. இந்த இரண்டை மட்டும் ஒப்பிடும் பிளானர் குரூப் பையைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் வேறுபட்ட 200 சாவிகளுக்கு மட்டும் கணக்கிட்டால் விலை 24,000. அந்த மூன்றாவது வழி தேர்வுப் பட்டியலிலேயே இல்லாததுதான் பிரச்சினை.

இதே கணக்கைத் திருப்பினால் எல்லைக்கோடும் கிடைக்கிறது. 1,85,000-ஐ 120-ஆல் வகுத்தால் சுமார் 1,500. வேறுபட்ட சாவிகள் அதற்கும் குறைவென்றால் இண்டெக்ஸ் வழி, அதிகமென்றால் குரூப் பை. எஸ்எஸ்டியில் சிதறல் விலையை 1.1 என்று வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோடு 5,500-ஐத் தாண்டிப் போகும். குவான்டிட்டியையும் இண்டெக்ஸுக்குள் சேர்த்துவிட்டால் (11-ஆம் பதிப்பு முதல் இன்க்ளூட் உண்டு) டேபிளைத் தொடவே வேண்டாம். முப்பது பக்கங்களுக்குப் பதில் ஓரிரு இலைப் பக்கங்களோடு முடியும், கோடு இன்னும் வெகுதூரம் நகரும். வேக்கியூம் (டேபிளைத் துப்புரவு செய்யும் வேலை) ஓடாத டேபிளில் மட்டும் இது பலன் தராது. விசிபிலிட்டி மேப் (எந்தப் பக்கங்களின் வரிசைகள் எல்லோருக்கும் தெரியும் என்ற குறிப்பு) பழையதாக இருந்தால் இண்டெக்ஸ் ஒன்லி ஸ்கேனும் டேபிளுக்குப் போய்த்தான் வரும், "ஹீப் ஃபெட்சஸ்" எண் அதைக் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது வழி

வேறுபட்ட சாவிகளை முதலில் திரட்டி, அவற்றுக்கு மட்டும் சப்குவெரியைக் கணக்கிட்டு, பிறகு வெளி வரிசைகளோடு சேர்ப்பது. சேஷாத்ரி, பிராஹேஷ், லியூங் ஆகியோர் 1996-இல் இதை மேஜிக் டிகோரிலேஷன் என்ற பெயரில் விவரித்தார்கள். நாய்மனும் கெம்பரும் 2015-இல் எந்த வகைச் சப்குவெரிக்கும் பொருந்தும் பொதுமுறையாக இதை ஆக்கினார்கள். டக்டிபி அந்த வழியில் போகிறது.

அம்முறையின் நடை எளிது. வெளிப்பக்கத்திலிருந்து சாவிகளின் தனித்த தொகுப்பை எடு. அந்தத் தொகுப்புக்கும் சப்குவெரிக்கும் இடையே "சார்பு ஜாயின்" வை. அதைச் சப்குவெரியின் ஆபரேட்டர்களுக்குக் கீழே ஒவ்வொரு படியாகத் தள்ளு. அக்ரிகேட்டைத் தாண்டும்போது சாவி குரூப் பையில் சேரும், விண்டோவைத் (வரிசைகளைச் சுருக்காமல் குழுவுக்குள் கணக்கிடுவது) தாண்டும்போது பார்ட்டிஷனில் சேரும். வெளி மதிப்பைக் கேட்கும் இடம் எதுவும் கீழே மிஞ்சாத நிலையில் அது சாதாரண ஜாயின் ஆகிவிடும். கடைசியில் ஒரு தேர்வு உண்டு. சாவி உள் டேபிளின் ஒரு நெடுவரிசைக்குச் சமம் என்று தெரிந்தால், தனித்த தொகுப்பையே கைவிட்டு உள் நெடுவரிசையை வைத்துக்கொள்ளலாம். கைவிட்டால் மேலே பார்த்த குரூப் பை வடிவம், 2,00,000 குரூப்புகள். வைத்துக்கொண்டால் 200. இந்த ஒரு முடிவை விதியாக எழுதாமல் விலைக் கணக்கிடம் விடுவதே சரி.

இதில் ஒரு பொறியியல் இடைஞ்சல்: வெளிப்பக்கம் இரண்டு இடங்களில் தேவைப்படுகிறது, சாவித் தொகுப்புக்கு ஒரு முறை, கடைசிச் சேர்ப்புக்கு ஒரு முறை. இருமுறை ஓட்டினால் லாபம் குறையும். ஒரு முறை ஓட்டிப் பகிர வேண்டுமென்றால் பிளான் மரமாக இருக்க முடியாது, ஒரு நோடுக்கு இரண்டு பெற்றோர் வேண்டும். போஸ்ட்கிரெஸில் அப்படிப் பகிரும் இடம் சிடிஇ (வித் பகுதியில் பெயரிட்டு எழுதும் குவெரி) ஸ்கேன்தான். எனவே கையால் எழுதுவதென்றால்: வடிகட்டிய பார்ட்டுகளை மெட்டீரியலைஸ்டு சிடிஇ ஆக்கு, லைன்ஐட்டத்தை அதோடு ஜாயின் செய்து குரூப் செய், பிறகு மீண்டும் சிடிஇ, லைன்ஐட்டம், சராசரி மூன்றையும் சேர்.

இதைவிடச் சுருக்கமானது லேட்டரல். சப்குவெரியை வேர் (WHERE) பகுதியிலிருந்து எடுத்து ஃப்ரம் (FROM) பகுதியில் லேட்டரலாக (முன்னுள்ள டேபிளின் மதிப்புகளைப் பார்க்கக்கூடியதாக) வைத்து, பார்ட்டின் சாவியை மட்டும் அது பார்க்கும்படி எழுதினால், பிளானர் அதைப் பார்ட்டுக்கு அடுத்து, லைன்ஐட்டத்துக்கு முன்பே சேர்க்கலாம். அப்போது அது 200 முறைதான் ஓடும். சப்பிளான் ஒரு ஃபில்டரில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிடும், லேட்டரலுக்கு ஜாயின் ஆர்டரில் இடம் மாறும் உரிமை உண்டு. லைன்ஐட்டத்துக்குப் பிறகே சேர்ந்தாலும் 14-ஆம் பதிப்பு முதல் மெமோயிஸ் நோடு வரலாம். கண்ட சாவியின் விடையை அது வைத்துக்கொள்ளும், அனலைஸில் "ஹிட்ஸ்" 5,800-ஐ ஒட்டியும் "மிஸ்ஸஸ்" 200-ஐ ஒட்டியும் இருக்க வேண்டும். "எவிக்ஷன்ஸ்" பெரிய எண்ணாக வந்தால் நினைவகம் போதவில்லை. சப்பிளானுக்கு மேல் மெமோயிஸ் வராது. வரும் என்று நம்பிக் காத்திருப்பவர்கள் உண்டு.

விண்டோ வழியும் ஒன்று. பார்ட்டையும் லைன்ஐட்டத்தையும் ஒரு முறை ஜாயின் செய்து, அந்த 6,000 வரிசைகளின் மேல் பார்ட்கீப்படி விண்டோ சராசரி கண்டு, வெளியே வடிகட்டுவது. லைன்ஐட்டத்தை ஒரே ஒரு முறை திறக்கிறோம். இண்டெக்ஸே இல்லாத சூழலில் இதைவிட மலிவான வடிவம் கிடையாது. ஆனால் வெளிக் குவெரியில் லைன்ஐட்டத்தின் மேல் வேறு நிபந்தனை இல்லை என்பதால்தான் இது சரி. "இந்த ஆண்டு அனுப்பியவை மட்டும்" என்று ஒரு வடிகட்டி வெளியே சேர்ந்துவிட்டால், விண்டோ அந்த ஆண்டின் சராசரியைக் கணக்கிடும், சப்குவெரி எல்லா ஆண்டுகளின் சராசரியைக் கேட்டிருந்தது. பிழைச் செய்தி வராது, எண் மட்டும் மாறும். சில மாதம் கழித்து யாரோ ஒருவர் அந்த வடிகட்டியைச் சேர்ப்பார் என்பதை எதிர்பார்த்தே எழுத வேண்டும்.

விடை கெடும் இடங்கள்

அவ்ரேஜ், சம், மேக்ஸ் ஆகியவை வரிசையே இல்லாதபோது நல் (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) தரும். ஒப்பீட்டில் நல் வந்தால் வரிசை விழுந்துவிடும். எனவே வேர் பகுதியில் இன்னர் ஜாயினாக மாற்றினாலும் 17-ஆம் குவெரிக்குப் பாதகமில்லை. அதே சப்குவெரி செலக்ட் பட்டியலில் இருந்தால் லெஃப்ட் ஜாயின்தான் வேண்டும்.

கவுண்ட் வேறு குணம் கொண்டது. வரிசை இல்லாதபோது நல் அல்ல, 0 தரும். கிம் முறையில் இந்தக் குறை இருப்பதை 1980-களிலேயே கண்டுபிடித்தார்கள், கவுண்ட் பிழை என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. சோதிக்க டிபிசி-எச் தரவே போதும். 1,50,000 வாடிக்கையாளர்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு ஆர்டரே கிடையாது. வாடிக்கையாளருக்கு எத்தனை ஆர்டர் என்ற சப்குவெரியைக் குரூப் பையும் இன்னர் ஜாயினுமாக மாற்றிப் பாருங்கள், ஏறத்தாழ 50,000 பேர் காணாமல் போவார்கள். லெஃப்ட் ஜாயினும் கோயலெஸ்ஸில் (நல் வந்தால் மாற்று மதிப்பு தருவது) 0-வும் சேர்த்தால் திரும்பி வருவார்கள்.

அக்ரிகேட் இல்லாத ஸ்கேலார் சப்குவெரி ஒன்றுக்கு மேற்பட்ட வரிசை தந்தால் டேட்டாபேஸ் பிழை எழுப்ப வேண்டும். ஜாயினாக மாற்றினால் பிழைக்குப் பதில் வெளி வரிசைகள் பெருகும். யுனிக் கீ இருக்கும்போது மட்டும் மாற்றலாம், இல்லாவிட்டால் எஸ்க்யூஎல் சர்வர் செய்வதுபோல் "ஒரு வரிசைதான்" என்று உறுதிசெய்யும் ஆபரேட்டரை நடுவில் வைக்க வேண்டும்.

சாவியிலேயே நல் இருந்தால்? சமக் குறியால் தொடர்புபடும் சப்குவெரிக்கு நல் சாவி வெற்று விடையைத் தரும், லெஃப்ட் ஜாயின் அதைச் சரியாகவே பிரதிபலிக்கும். ஆனால் தனித்த தொகுப்பு முறையில் கடைசிச் சேர்ப்பைச் சமக் குறியால் செய்யக் கூடாது. நல்லும் நல்லும் பொருந்தும்படி "வேறுபடவில்லை" என்ற ஒப்பீடு வேண்டும். டிபிசி-எச் நெடுவரிசைகளில் நல் கிடையாது, ஆகவே இந்தப் பிழை அந்த அளவுகோலில் ஒருநாளும் தெரியாது. பிளானர் எழுதுபவர்கள் நல் சாவி, வரிசையில்லாச் சாவி, இரட்டை வரிசை மூன்றும் கொண்ட பத்து வரிச் சோதனை டேபிளைத் தனியாக வைத்திருக்க வேண்டும்.

நாட் இன் (NOT IN) பற்றி ஒரே சொல்: உள்ளே ஒரு நல் இருந்தால் முழு விடையும் வெறுமையாகிவிடும், எனவே அதைக் கண்மூடி ஆன்டி ஜாயின் ஆக்க முடியாது. பொருள் ஒத்துவந்தால் நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள்.

மற்ற இடங்களில்

எஸ்க்யூஎல் சர்வரில் சப்குவெரி அப்ளை என்ற ஆபரேட்டராகி, பிறகு ஜாயினாக அவிழ்க்கப்படுகிறது. விலை பார்த்துத் திரும்பவும் அப்ளையாக முடியும் என்பதே அதன் பலம். காலின்டோ-லெகாரியாவும் ஜோஷியும் 2001-இல் விளக்கியது இந்த வடிவமைப்பைத்தான். ஆரக்கிள் அவிழ்க்காமல் விடும் ஸ்கேலார் சப்குவெரிகளுக்கு விடைகளைச் சேமித்து வைக்கும். மைஎஸ்க்யூஎல் 8.0.24 முதல் கோரிலேட்டட் ஸ்கேலார் சப்குவெரியை டிரைவ்டு டேபிளாக (ஃப்ரம் பகுதியில் வரும் சப்குவெரி) மாற்றும், ஆனால் சப்குவெரி_டு_டிரைவ்டு என்ற அந்தச் சுவிட்ச் இயல்பாக அணைந்தே இருக்கும். எக்ஸ்பிளெய்னில் "டிபெண்டண்ட் சப்குவெரி" என்று பார்த்தால் அதைப் போட்டும் அணைத்தும் ஒப்பிடலாம்.

செய்முறை

வெளிக் குவெரியைச் சப்குவெரி நிபந்தனை இல்லாமல் ஓட்டி, வரிசைகளின் எண்ணிக்கையையும் வேறுபட்ட சாவிகளின் எண்ணிக்கையையும் எடுங்கள். இங்கே 6,000-உம் 200-உம், விகிதம் 30. விகிதம் 1-ஐ ஒட்டியிருந்தால் மெமோயிஸாலோ தனித்த தொகுப்பாலோ பயனில்லை. சப்பிளானும் நல்ல இண்டெக்ஸும் போதும், அல்லது சாவிகள் மிகுதி என்றால் குரூப் பை. விகிதம் பெரிதாகவும் சாவிகள் குறைவாகவும் இருந்தால் லேட்டரல். இண்டெக்ஸ் போட அனுமதியே இல்லையென்றால் விண்டோ. தொடர்பு சமக் குறியாக இல்லாமல் "இந்தத் தேதிக்கு முன்புள்ளவை" போல வரம்பாக இருந்தால் குரூப் பை நேரடியாகப் பொருந்தாது, ஓடும் கூட்டலாக விண்டோவில் எழுத முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும்.

மதிப்பீட்டுப் பிழையையும் கவனியுங்கள். சப்பிளானின் விடை என்னவென்று பிளானருக்குத் தெரியாததால் "அதைவிடக் குறைவு" என்ற நிபந்தனைக்கு மூன்றில் ஒரு பங்கு என்ற நிலையான ஊகத்தை வைக்கும். 2,000 வரிசைகள் என்று எதிர்பார்த்த இடத்தில் 600 வரும். இந்தக் குவெரியில் மேலே ஒரே ஒரு கூட்டல்தான், எனவே தீங்கில்லை. அதன் மேல் இன்னும் நான்கு ஜாயின்கள் இருந்தால் ஹாஷ் ஜாயினா நெஸ்டட் லூப்பா என்ற முடிவு இங்கிருந்தே தவறும்.

மாற்றி எழுதிய பின் வேகத்துக்கு முன் விடையைச் சரிபாருங்கள். வரிசைகளைத் தரும் குவெரி என்றால் பழைய வடிவத்திலிருந்து புதியதை எக்ஸெப்ட் ஆல் போட்டுக் கழித்து, பிறகு திருப்பிக் கழித்தால் இரண்டும் வெறுமையாக வர வேண்டும். ஒரு திசையில் மட்டும் கழித்தால் கூடுதலாக முளைத்த வரிசைகள் கண்ணில் படாது. 17-ஆம் குவெரிக்குச் சரிபார்ப்பு இன்னும் எளிது: அளவுக் காரணி 1-இல், பிராண்டு 23, மெட் பாக்ஸ் கண்டெய்னர் என்ற நிலையான மதிப்புகளுக்கு விடை 348406.05.